செப்டம்பர் வெற்றியும் நவம்பர் வாக்கும்: தருமபுரி பயிலும் வட்டம் ஒன்றின் தேர்தல் கணிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி நகரில் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஒரு பயிலும் வட்டம், 2024 செப்டம்பர் இறுதியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை ஒரு தேர்தல் கணிப்பில் ஈடுபட்டது. அந்தக் கணிப்பு எப்படித் தொடங்கியது, எந்தத் தரவை வைத்து எந்த முடிவுகளுக்கு வந்தது, வாக்குகள் எண்ணப்பட்ட பின் அவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை இங்கே வரிசைப்படி பதிவு செய்கிறேன். வட்டத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு எனக்கு இருந்ததால், அவ்வப்போது பேசப்பட்டவை எழுத்தில் உள்ளன. உறுப்பினர்கள் எவருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை.

வட்டத்தை வழிநடத்தியவர் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். உறுப்பினர்களில் மூவர் இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள். ஒருவர் பாலக்கோட்டைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி; கணக்கில் கை தேர்ந்தவர், எதையும் விகிதத்தில் பார்ப்பவர். இன்னொருவர் அரூர்ப் பக்கத்து இளைஞர். உள்ளூர்த் தேர்தல் விவரங்களை விரல் நுனியில் வைத்திருப்பவர். மூன்றாமவர் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, முதுகலை முடித்த பெண்.

2024 செப்டம்பர் 18 அன்று, ஒரே நாடு ஒரே தேர்தல் குறித்து முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான உயர்நிலைக் குழு அளித்த அறிக்கையை ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கட்டாயம் எழுதிப் பார்க்க வேண்டிய கட்டுரைத் தலைப்பாயிற்று. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 21 அன்று, இலங்கையில் சனாதிபதித் தேர்தல் நடந்தது. அநுர குமார திசாநாயக்க வென்று, செப்டம்பர் 24 நள்ளிரவோடு நாடாளுமன்றத்தைக் கலைத்து, நவம்பர் 14 அன்று பொதுத் தேர்தல் என்று அறிவித்தார். பேராசிரியர் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே கேள்வியாகக் கட்டினார். நாட்டின் தலைமைப் பதவிக்கு ஒருவர் பெறும் வெற்றி, சட்டம் இயற்றும் அவைக்கான வாக்கை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது? ஒரே நாளில் வாக்களித்தால் அந்த இழுப்பு கூடுமா, இடைவெளி விட்டு வாக்களித்தால் கூடுமா?

இந்தியாவின் குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், இங்கிருந்து இதற்கு நேரடிச் சான்று கிடைக்காது. எனவே ஆட்சி அதிகாரம் உள்ள தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாடுகளைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. 2024 அதற்கு வாய்ப்பான ஆண்டு; தைவான், இந்தோனேசியா, மெக்சிகோ, இலங்கை, அமெரிக்கா ஆகிய ஐந்தும் அந்த ஓராண்டுக்குள் வாக்களித்தன. மாவட்டத்தில் உள்ள கல்லூரி ஒன்று இதைப் பற்றி மாணவர்களிடையே பேச வட்டத்தை அழைத்திருந்தது. அந்த உரைக்கு நவம்பர் 14-க்கு முந்தைய வாரத்தில் நாள் குறிக்கப்பட்டதால், முடிவு தெரியும் முன்பே பலர் முன்னிலையில் கணிப்பைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி தொடக்கத்திலிருந்தே இருந்தது.

முதல் இரண்டு எண்கள்

பாலக்கோட்டு உறுப்பினர் முதல் கூட்டத்திலேயே ஓர் எண்ணை வைத்தார். அநுர முதல் எண்ணிக்கையில் பெற்றது 42.31 விழுக்காடு. இலங்கை நாடாளுமன்றத்தில் 225 இடங்கள், தேர்தல் முறை விகிதாசாரம். பெருக்கினால் 95 வரும். ஆகவே அநுரவின் கட்சியான தேசிய மக்கள் சக்தி தனிப்பெரும்பான்மைக்குத் தேவையான 113-க்கு வெகு கீழே நிற்கும், கூட்டணி ஆட்சியே அமையும் என்றார். மற்றொருவர், யாரும் பாதியைத் தொடாததால் இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டு அநுர 55.89 விழுக்காட்டோடு அறிவிக்கப்பட்டதைச் சுட்டி, அதைக் கொண்டு பெருக்கினால் 126 வருகிறதே என்று கேட்டார்.

இரண்டு எண்களுமே செப்டம்பரில் வாக்களித்தவர்கள் அப்படியே நவம்பரிலும் வந்து அதே கைக்கு வாக்களிப்பார்கள் என்ற ஊகத்தின்மேல் நிற்கின்றன என்று பேராசிரியர் குறிப்பிட்டார். அந்த ஊகத்தைச் சோதிக்காமல் எந்த எண்ணையும் எழுதி வைக்க வேண்டாம் என்பதே வட்டம் எடுத்த முதல் முடிவு. இரு வாரங்களுக்குள் இலங்கையின் பழைய தேர்தல்களைப் பட்டியலிட்டு வரும் வேலை பாலக்கோட்டு உறுப்பினருக்கே தரப்பட்டது. தன் எண்ணைத் தானே சோதிக்கட்டும் என்பது பேராசிரியரின் எண்ணம். அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து, ஏனெனில் வேறொருவரிடம் கொடுத்திருந்தால் அது வாதமாகவே போயிருக்கும்.

கவனித்தவை: இலங்கையின் பழைய தேர்தல்கள்

1978 அரசியலமைப்புக்குப் பின் இலங்கையில் மக்கள் நேரடியாக சனாதிபதியைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் 1982 அக்டோபரில் நடந்தது. ஜே.ஆர். ஜெயவர்த்தன 52.91 விழுக்காடு பெற்றார். ஆனால் அதைத் தொடர்ந்து பொதுத் தேர்தலே நடக்கவில்லை. ஏற்கெனவே கையிலிருந்த பெரும்பான்மை நாடாளுமன்றத்தின் ஆயுளை 1982 டிசம்பர் பொது வாக்கெடுப்பு மூலம் அவர் நீட்டித்துக்கொண்டார். விகிதாசாரத் தேர்தலை நடத்தினால் அந்த 52.91 விழுக்காடு நாடாளுமன்றத்தில் எவ்வளவாகச் சுருங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

1988 டிசம்பரில் பிரேமதாச 50.43 விழுக்காட்டோடு வென்றார். இரண்டே மாதத்தில், 1989 பிப்ரவரியில், அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 50.71 விழுக்காடும் 125 இடங்களும் பெற்றது. 1999 டிசம்பரில் சந்திரிகா 51.12 விழுக்காடு பெற்றார். பொதுத் தேர்தல் 2000 அக்டோபர் வரை தள்ளிப்போனபோது அவருடைய பொதுசன ஐக்கிய முன்னணி 45.11 விழுக்காட்டுக்கு இறங்கி 107 இடங்களோடு நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் பதவியில் இருக்கும்போதே நாடாளுமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. 2010 சனவரியில் மகிந்த ராஜபக்ச 57.88 விழுக்காடு, பத்து வாரம் கழித்து ஏப்ரலில் அவருடைய கூட்டணி 60.33 விழுக்காடு, 144 இடங்கள்.

2015 இந்த வரிசையில் உட்காரவில்லை. சனவரியில் 51.28 விழுக்காட்டோடு வென்ற மைத்திரிபால சிறிசேன சுதந்திரக் கட்சிக்காரர். அவரை வெற்றிபெற வைத்த அணிக்கு ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சியே முதுகெலும்பு. ஏழு மாதம் கழித்து ஆகஸ்டில் அந்த அணி 106 இடங்களோடு முதலிடம் பெற்றது. சிறிசேனவின் சொந்தக் கட்சி, அவர் தோற்கடித்த ராஜபக்சவையே வேட்பாளராக நிறுத்திய கூட்டணியில் நின்று 95 இடங்கள் பெற்றது. வெற்றியின் அலை யாருடைய சின்னத்தில் கரை சேரும் என்பது தெளிவாக இல்லாத இடத்தில் அது பாதியிலேயே பிரிந்துவிடுகிறது.

இந்தப் பட்டியலிலிருந்து வட்டம் ஒரு தற்காலிக விதியை எடுத்தது: இடைவெளி இரண்டு மூன்று மாதங்களுக்குள் இருந்தால் வென்றவரின் பங்கு குறைவதில்லை, சற்றுக் கூடுகிறது, ஓராண்டை நெருங்கினால் இறங்குகிறது. இதற்கு எதிராக நின்றது 2019-20. கோத்தாபய ராஜபக்ச 2019 நவம்பரில் 52.25 விழுக்காடு பெற்றார். கொரோனாவால் தள்ளிவைக்கப்பட்ட பொதுத் தேர்தல் 2020 ஆகஸ்டில்தான் நடந்தது. ஏறத்தாழ ஒன்பது மாத இடைவெளி இருந்தும் அவருடைய பொதுசன பெரமுன 59.09 விழுக்காட்டுக்கு ஏறி 145 இடங்கள் பெற்றது. எதிரணி அதற்குள் ஐக்கிய தேசியக் கட்சி, ஐக்கிய மக்கள் சக்தி என்று இரண்டாக உடைந்திருந்ததை முகாமைச் சேர்ந்த உறுப்பினர் நினைவூட்டினார். காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது, தோற்றவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு அன்றுதான் சேர்ந்தது.

கவனித்தவை: நம் மாவட்டத்தின் எதிர்ச்சான்று

அரூர் இளைஞர் இதற்கு மாறான ஒரு சான்றைக் கொண்டுவந்தார். 2019 ஏப்ரல் 18 அன்று தருமபுரி மக்களவைத் தொகுதிக்கும், அதற்குள் அடங்கிய அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில், ஒரே வாக்குச் சாவடிகளில் வாக்குப்பதிவு நடந்தது. 2017-இல் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களின் இடங்களில் இவை இரண்டும் அடக்கம். மக்களவைத் தொகுதியைத் திமுக ஏறத்தாழ 70,000 வாக்கு வித்தியாசத்தில் கைப்பற்றியது. இரண்டு சட்டமன்ற இடங்களையும் அதிமுக தக்கவைத்தது. தில்லிக்கு ஒரு விடையும் சென்னைக்கு ஒரு விடையும் ஒரே வரிசையில் நின்று தரப்பட்டன என்பது அவருடைய வாதம். 2021-இலும் மாநிலம் முழுவதும் திமுக வென்றபோது மாவட்டத்தின் ஐந்து சட்டமன்ற இடங்களும் அதிமுக-பாமக கூட்டணிக்கே போயின. 2024-இல் மக்களவைத் தொகுதி மறுபடியும் திமுகவுக்குப் போனது. மாநிலத்தில் வீசும் காற்று தொப்பூர்க் கணவாய் ஏறி வருவதில்லை என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் மறைந்திருந்தது.

மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, மேட்டூர் ஆகியவற்றின் வாக்குகளும் சேர்ந்துதான் அந்த முடிவைத் தந்தன. அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் மட்டும் மக்களவைக்கு யார் முன்னிலை பெற்றார்கள் என்பதைச் சாவடிவாரியாக ஒப்பிடாமல், அங்குள்ள வாக்காளர் வாக்கைப் பிரித்துப் போட்டார் என்று சொல்லிவிட முடியாது. பேராசிரியர் இதைச் சுட்டியதும், இந்தச் சான்றைக் கல்லூரி உரையில் எச்சரிக்கையோடு மட்டும் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கப்பட்டது.

இதே கூட்டத்தில் பிற நாடுகள் சுருக்கமாகப் பார்க்கப்பட்டன. தைவானில் 2024 சனவரி 13 அன்று லாய் சிங்-தே 40.05 விழுக்காட்டோடு அதிபரானார். அதே நாளில் அவருடைய கட்சி 113 இடங்களில் 51 மட்டும் பெற்று, 52 பெற்ற குவோமிந்தாங்குக்குப் பின்னே போனது. இந்தோனேசியாவில் பிப்ரவரி 14 அன்று பிரபோவோ 58 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார். அதே நாளில் அவருடைய கெரிந்திரா கட்சிக்குக் கிடைத்தது 13 விழுக்காடு சொச்சம், மூன்றாம் இடம். அதிபர் தேர்தலில் கடைசியாக வந்தவரின் கட்சி நாடாளுமன்றத்தில் முதலிடம். ஒரே நாளில் வாக்களித்தால் ஒரே கைக்குப் போகும் என்ற எளிய எண்ணத்தை இவை இரண்டும் உடைத்தன. மெக்சிகோ மட்டும் மறுபக்கம் நின்றது. சூன் 2 அன்று கிளாடியா ஷேன்பாம் 60 விழுக்காட்டை ஒட்டிய வாக்கு பெற, அவருடைய கூட்டணி கீழவையின் 500 இடங்களில் 364 பெற்றது.

தொலைபேசியில் வந்த செய்தி

அக்டோபர் நடுவில் நடந்த கூட்டத்தில் வட்டத்தின் போக்கு மாறியது. முகாமைச் சேர்ந்த உறுப்பினரின் பாட்டியுடைய உறவினர்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருக்கிறார்கள். வாரந்தோறும் வாட்ஸப்பில் பேசிக்கொள்வது வழக்கம். செப்டம்பரில் அந்தக் குடும்பங்களில் சிலர் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கும், சிலர் தமிழரசுக் கட்சி ஆதரித்த சஜித் பிரேமதாசவுக்கும் வாக்களித்திருந்தார்கள். அநுரவுக்கு வாக்களித்தவர் அவர்களில் எவரும் இல்லை. இப்போது அவர்களில் இளையவர்கள் நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கே போடப்போவதாகச் சொல்கிறார்கள் என்று அவர் தெரிவித்தார். காரணம் கேட்டபோது, “எங்கட கட்சிகள் தங்களுக்குள்ளயே அடிபடுகினம், அதுதான்” என்று மறுமுனையில் பதில் வந்ததாம்.

பாலக்கோட்டு உறுப்பினர் இதை ஏற்கத் தயங்கினார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர பெற்றது 27,086 வாக்கு, அதாவது 7 விழுக்காடு சொச்சம். ஒரு குடும்பத்தின் பேச்சை வைத்து அதை மாற்றி எழுத முடியாது என்பது அவர் நிலை. அது நியாயமான தயக்கமே. ஆனால் அந்தப் பெண் தான் சொல்வது எண்ணைப் பற்றியது அல்ல, திசையைப் பற்றியது என்று விளக்கினார். செப்டம்பரில் யார் வெல்வார் என்று தெரியாது. நவம்பரில் யார் ஆட்சியில் இருக்கிறார் என்று தெரியும். தெரிந்தபின் போடும் வாக்கு வேறு கணக்கில் போடப்படுகிறது என்றார்.

இதைக் கேட்ட பாலக்கோட்டு உறுப்பினரே தன் ஊர்த் தக்காளிச் சந்தையை நினைவுகூர்ந்தார். நேற்றைய விலை படுத்துவிட்டது என்று தெரிந்தால், கூலி கொடுத்துப் பறிப்பதற்குப் பதில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிற விவசாயிகள் உண்டு. தோற்ற தரப்பின் வாக்காளரும் அப்படித்தான் வீட்டிலேயே இருந்துவிடுவார்களோ என்று அவர் கேட்டார். என் குறிப்பேட்டில் இந்தக் கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதுவரை வென்றவருக்குக் கூடுதலாக எவ்வளவு வாக்கு வரும் என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். தோற்றவருக்கு எவ்வளவு வாராமல் போகும் என்ற பக்கம் அப்போதுதான் திறந்தது.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மாவட்டத்தில் அந்தத் தேர்தலை மிக உன்னிப்பாகப் பின்தொடர்ந்தவர்கள் முகாமில் வாழ்பவர்கள். அங்கே வாக்களிக்க அவர்களுக்கு வழியில்லை, இங்கே வாக்குரிமையும் இல்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

கல்லூரி உரைக்கான வரைவில் ஒற்றை எண் தருவதில்லை என்று வட்டம் முடிவு செய்தது. அதற்குப் பதிலாக, தேசிய மக்கள் சக்தி 120 முதல் 150 இடங்கள் வரை பெறும் என்ற வீச்சும் அதற்கான காரணமும் தரப்பட்டன. இடைவெளி ஏழரை வாரம் மட்டுமே என்பது முதல் காரணம். எதிரணி வாக்கு சஜித், ரணில் என்று செப்டம்பரிலேயே பிளந்திருந்ததும், இருவரும் நவம்பருக்குள் சேரவில்லை என்பதும் இரண்டாவது. மூன்றாவது தேர்தல் முறை சார்ந்தது. இலங்கையில் ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்திலும் முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் தனியே தரப்பட்டு, மீதியே விகிதப்படி பகிரப்படுகிறது. மாவட்டத்தில் 5 விழுக்காட்டுக்குக் கீழ் பெற்றவர்கள் பகிர்விலேயே சேர்க்கப்படுவதில்லை. ஆகவே நாடு முழுதும் பரவலாக முதலிடம் பெறும் கட்சிக்கு அதன் வாக்குப் பங்கைவிட இடப் பங்கு கூடும். முதல் நாள் போட்ட நேர்ப்பெருக்கல் இந்த இடத்திலேயே தவறுகிறது.

150 என்ற மேல் எல்லை நீண்ட விவாதத்துக்குப் பின் வந்தது. 225-இல் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். விகிதாசார முறை வந்தபின் அதுவரை எந்த ஒரு கட்சியும் தனியாக அதைத் தேர்தலில் பெற்றிருக்கவில்லை, 2010-லும் 2020-லும் மிக நெருங்கியும் தொடவில்லை. அந்த வரலாற்றை மீற வட்டத்துக்குத் துணிவு வரவில்லை. வடக்கையும் கிழக்கையும் தனியாகக் கணிப்பது, யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்திக்குக் குறைந்தது ஓர் இடம் என்று மட்டும் சொல்வது என்பது மற்றொரு முடிவு. தொலைபேசிச் செய்தியை ஆதாரமாகக் காட்டாமல், தமிழ்க் கட்சிகள் வீடு, சங்கு, சைக்கிள் என்று தனித்தனிச் சின்னங்களில் நிற்பதைக் காரணமாகக் காட்டினார்கள்.

நவம்பர் 5: அமெரிக்க முடிவு

உரைக்குச் சில நாள் முன் அமெரிக்கத் தேர்தல் நடந்தது. டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளோடு வென்று, ஊசலாடும் மாநிலங்கள் ஏழையும் பிடித்தார். பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சி எளிதாக 240-ஐத் தாண்டும் என்று வட்டத்தில் சிலர் எதிர்பார்த்தார்கள். எண்ணிக்கை மெதுவாக நகர்ந்து, அவையின் பெரும்பான்மை யாருக்கு என்பது இலங்கையின் வாக்குப்பதிவு நாளை ஒட்டித்தான் உறுதியாயிற்று. இறுதியில் 220-க்கு 215. 2022-இல் அக்கட்சி பெற்ற 222-ஐவிட இரண்டு குறைவு. செனட்டில் 53 இடங்களோடு பெரும்பான்மை கிடைத்தது. ஆனால் டிரம்ப் வென்ற அரிசோனா, மிச்சிகன், நெவாடா, விஸ்கான்சின் ஆகிய நான்கிலும் செனட் இடத்தைச் சனநாயகக் கட்சியே பெற்றது.

அதிபருக்கு மட்டும் குறியிட்டுவிட்டு வாக்குச்சீட்டின் மீதிப் பகுதியை வெறுமையாக விடுபவர்கள் அங்கே உண்டு. பெரும்பாலான தொகுதிகள் ஏற்கெனவே ஒரு கட்சியின் கோட்டையாக வரையப்பட்டிருப்பதால் அலை எவ்வளவு எழுந்தாலும் கைமாறக்கூடிய இடங்கள் சிலவே. 1972-இல் நிக்சனும் 1984-இல் ரீகனும் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றபோதும் பிரதிநிதிகள் அவை எதிர்க்கட்சியிடமே இருந்ததைப் பேராசிரியர் நினைவுபடுத்தினார். 1964-இல் ஜான்சனின் வெற்றியோடு சனநாயகக் கட்சி அவையில் 295 இடங்களுக்கு உயர்ந்தது மறுபக்கச் சான்று. ஆனால் இரண்டே ஆண்டில் அதில் 47 இடங்கள் போயின.

கல்லூரி உரையில் இந்த ஒப்பீடே மையமாக வைக்கப்பட்டது. ஒரே நாளில் நடக்கும் தேர்தலில் வாக்காளருக்கு யார் வெல்வார் என்று தெரியாது. ஆகவே அவர் இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை தர முடிகிறது. வெற்றி தெரிந்த சில வாரங்களில் நடக்கும் தேர்தலில் முதல் விடை கையில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி, வந்தவரை ஆள விடலாமா கூடாதா என்பதாகச் சுருங்குகிறது. மாணவர் ஒருவர் பிரான்சைக் கொண்டு இதை மறுத்தார். அங்கே 2002 முதல் அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதத்துக்குப் பின்னே நாடாளுமன்றத் தேர்தல் வரும்படி நாள்காட்டி மாற்றப்பட்டது. 2017-இல் மக்ரோனின் புதிய கட்சிக்கு அது பெரும்பான்மையைத் தந்தது. 2022-லோ அவர் 58 விழுக்காட்டுக்கு மேல் பெற்று மீண்டும் வென்ற இரு மாதங்களுக்குள் அவருடைய அணி 577-இல் 245 இடங்களோடு நின்றுவிட்டதே என்று கேட்டார். சரியான கேள்வி. ஏற்கெனவே ஐந்தாண்டு ஆண்டவருக்கு, எதிரே நின்ற லெ பென்னைத் தடுப்பதற்காக விழுந்த வாக்கு அவருடைய வேட்பாளர்களுக்கு மாறாது என்று பேராசிரியர் விளக்கினார். புதியவருக்கு வாய்ப்புத் தரும் மனநிலை, பழையவர் மீண்டும் வரும்போது இருப்பதில்லை.

நவம்பர் 14-க்குப் பின்

தேசிய மக்கள் சக்தி 61.56 விழுக்காடும் 159 இடங்களும் பெற்றது. முந்தைய நாடாளுமன்றத்தில் அதற்கு இருந்தவை மூன்றே மூன்று. வட்டத்தின் வீச்சுக்கு மேலே ஒன்பது இடம் அதிகம். திசை சரி, அளவு போதவில்லை.

ஆனால் இடங்களைவிட வாக்கு எண்ணிக்கையே அதிகம் சொல்லியது. செப்டம்பரில் அநுர பெற்றது 56.3 லட்சம், நவம்பரில் அவருடைய கட்சி பெற்றது 68.6 லட்சம், கூடுதல் 12 லட்சம் சொச்சம். சஜித்தின் 43.6 லட்சம் அவருடைய கட்சிக்கு 19.7 லட்சமாகக் குறைந்தது. ரணிலின் 23 லட்சம், அவரைச் சார்ந்த புதிய சனநாயக முன்னணிக்கு 5 லட்சமானது. இந்த இரு தரப்பும் சேர்ந்து இழந்தது ஏறத்தாழ 42 லட்சம். அதில் வென்றவருக்குப் போயிருக்கக்கூடியது கால்பங்கைச் சற்றே தாண்டும். வாக்குப்பதிவு 79 விழுக்காட்டிலிருந்து 69-க்கு இறங்கியது; நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மூன்று லட்சத்திலிருந்து ஆறரை லட்சத்தைத் தாண்டின. பாலக்கோட்டு உறுப்பினர் தக்காளியை வைத்துக் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. வென்றவரின் ஏற்றத்தைவிடத் தோற்றவர்களின் விலகலே அந்த 61 விழுக்காட்டைப் பெரிதாக்கியது.

யாழ்ப்பாணத்தில் 27,086 என்பது 80,830 ஆனது. மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்கு. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. ஏறத்தாழ 25 விழுக்காடு வாக்கு பாதி இடங்களாக மாறியதற்கு முதலிட ஆசனமும், எஞ்சிய வாக்குகள் பல சின்னங்களில் சிதறியதும் காரணங்கள். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் அக்கட்சி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அங்கே தமிழரசுக் கட்சி ஒன்றாக நின்று மூன்று இடங்களைப் பெற்றது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இருந்த இந்த வேறுபாடு, அலையின் பலத்தை அதற்கு எதிரே நிற்பவர்களின் கட்டுக்கோப்பே முடிவு செய்கிறது என்பதற்கு ஒரே நாளில் கிடைத்த இரட்டைச் சான்று.

வட்டம் இதை அடுத்த ஆண்டும் பின்தொடர்ந்தது. 2025 மே 6 அன்று இலங்கையில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பெரும்பாலான சபைகளில் முதலிடம் பெற்றாலும் அதன் பங்கு 43 விழுக்காட்டுக்கும், வாக்கு 45 லட்சத்துக்கும் இறங்கியது. செப்டம்பரில் தொடங்கிய 42-க்குப் பக்கத்திலேயே அது திரும்பி வந்து நின்றது. உள்ளூராட்சித் தேர்தலில் உள்ளூர்க் காரணங்கள் கலக்கும் என்பதால் இதை நேரடி ஒப்பீடாகக் கொள்ள முடியாது என்றாலும், முதல் நாள் பாலக்கோட்டு உறுப்பினர் எடுத்த விழுக்காடு கட்சியின் நிலையான பலத்தைக் காட்டியது என்றும், நவம்பரின் விழுக்காடு அந்தத் தருணத்தின் பலத்தைக் காட்டியது என்றும் படிக்க இடமிருக்கிறது.

இனி மாற்ற வேண்டியவை

அடுத்த முறை இப்படியொரு கணிப்பில் இறங்கினால், விழுக்காட்டில் தொடங்காமல் வாக்கு எண்ணிக்கையில் தொடங்க வேண்டும் என்பதில் வட்டம் ஒத்த கருத்துக்கு வந்தது. பங்கு என்பது வந்தவர்களிடையே பிரிக்கப்படுவது. வாராதவர்கள் அதில் தெரிவதில்லை. தேர்தல் முறையின் விவரத்தை மூன்றாவது கூட்டத்தில் படிப்பதற்குப் பதில் முதல் கூட்டத்திலேயே படித்திருந்தால், 95 என்ற எண் எழுந்திருக்கவே தேவையில்லை. இதுவரை நடக்காதது என்பதற்காக 150-ஐ மேல் எல்லையாக வைத்தது தரவிலிருந்து வந்த முடிவு அல்ல. உறவினர் பேச்சு போன்ற செவிவழிச் செய்தியை எண்ணாக மாற்றாமல், எந்த ஊகத்தைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும் குறியாக மட்டும் எடுத்துக்கொண்ட முறையை அப்படியே தொடரலாம்.

ஒரே நாடு ஒரே தேர்தல் பற்றிய மாதிரிக் கட்டுரையும் திருத்தி எழுதப்பட்டது. ஒரே நாளில் வாக்களித்தால் வாக்காளர் ஒரே கட்சிக்கே போடுவார் என்று முதல் வரைவில் இருந்த வரி நீக்கப்பட்டு, சில மாத இடைவெளியில் நடக்கும் தேர்தலே வென்றவருக்கு அதிகம் உதவக்கூடும் என்ற வாதமும் அதற்கான நிபந்தனைகளும் சேர்க்கப்பட்டன. 2024 டிசம்பர் 17 அன்று அரசியலமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானபோது, கட்டுரையின் அந்தப் பகுதிதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. பேராசிரியர் மட்டும் இன்னும் முழுமையாக ஒப்பவில்லை. தலைமைப் பதவிக்கான நேரடித் தேர்தலிலிருந்து எடுத்த முடிவை நாடாளுமன்ற ஆட்சிமுறைக்கு நீட்டும்போது இடையில் ஒரு படி தாவப்படுகிறது என்பது அவருடைய ஆட்சேபம், அதுவும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதப்பட்டுள்ளது.

அந்தப் படியை நிரப்பத்தான் 2019 ஏப்ரல் 18-இன் வாக்குகளை மறுபடி எடுத்திருக்கிறார்கள். சாவடிவாரி முடிவுகள் அடங்கிய படிவம் 20-ஐ வைத்து, அரூர், பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதிகளின் ஒவ்வொரு சாவடியிலும் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் விழுந்த வாக்குகளை அருகருகே எழுதும் வேலையை அரூர் இளைஞரும் முகாமைச் சேர்ந்த உறுப்பினரும் ஏற்றிருக்கிறார்கள். பதிவு முடிந்தபின் கணக்கைச் சரிபார்ப்பது பாலக்கோட்டு உறுப்பினரின் பொறுப்பு.